பல் எடுப்பாக இருக்கும் பிள்ளைக்கு சிகிச்சை 8 வயதிலா, 11 வயதிலா?

மகளுக்கு 8 வயதானபோது மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களைத் தாண்டி 8 மில்லிமீட்டர் முன்னால் நின்றன. கீழ்த்தாடை வளர்ச்சி பின்தங்கியதுதான் காரணம். நாங்கள் பார்த்த இரண்டு பல் சீரமைப்பு மருத்துவர்களில் ஒருவர் உடனே தொடங்கலாம் என்றார். மற்றவர், உயரம் கூடும் வயது வரட்டும் என்றார். நாங்கள் காத்திருந்தோம். இப்போது அவளுக்கு 13, கிளிப் கழற்றியாகிவிட்டது.

சீக்கிரம் தொடங்குவதில் உண்மையான லாபம் ஒன்று உண்டு: நீட்டிக்கொண்டிருக்கும் முன்பல் விழுந்து அடிபட்டு உடையும் ஆபத்து குறையும். ஓடியாடும் பிள்ளை என்றால் இது சின்ன விஷயமில்லை. கேலிக்கு மனம் உடைந்துபோகும் குழந்தைக்கும் 8 வயதில் தொடங்குவது நியாயமே.

ஆனால் எங்களைக் காத்திருக்க வைத்தது, மாட்டியிருக்க வேண்டிய நேரம். கீழ்த்தாடையை முன்னால் கொண்டுவர மேலும் கீழும் கழற்றி மாட்டும் ட்வின் பிளாக் என்ற கருவியை ஏறக்குறைய நாள் முழுக்கப் போட்டிருக்க வேண்டும். கழற்றி டப்பாவில் வைத்துவிட்டால் வேலை நடக்காது. 8 வயதில் போட்டாலும், பால்பற்கள் எல்லாம் விழுந்த பிறகு 12 வயதுவாக்கில் பெரும்பாலும் மறுபடி கம்பி கட்ட வேண்டியிருக்கும். நடுவில் கிடைத்ததைத் தக்கவைக்கவும் ஏதாவது மாட்ட வேண்டும். ஒரு குழந்தையின் பொறுமைக்கும் அளவு உண்டு. 11-ல் தொடங்கியபோது ஒன்பது மாதம் ட்வின் பிளாக், அப்புறம் நேராகக் கம்பி. போட்ட மணிக்கணக்கை அவளே காலண்டரில் குறித்து வந்தாள். 8 வயதில் அதை நான்தான் துரத்தித் துரத்திச் செய்திருப்பேன்.

பிரிட்டனில் கெவின் ஓபிரையன் குழு 8 முதல் 10 வயதுக் குழந்தைகள் 174 பேரை வைத்துச் செய்த ஆய்வும் (2009) இதையே காட்டியது. முன்கூட்டித் தொடங்கியவர்களுக்கும் காத்திருந்தவர்களுக்கும் கடைசியில் தாடை அமைப்பில் குறிப்பிடும்படி வேறுபாடு இல்லை. முன்கூட்டித் தொடங்கியவர்கள்தான் அதிக முறை கிளினிக்குக்கு வர வேண்டியிருந்தது.

பெண்களுக்கு வளர்ச்சி வேகம் சுமார் 10-12 வயதில், பையன்களுக்கு ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து. அதனால் பையன் என்றால் இந்த 11 என்ற கணக்கு தள்ளிப்போகும்.

கீழ்ப்பற்கள் மேல்பற்களுக்கு முன்னால் கடிக்கும் குழந்தையின் கதை வேறு. எங்களுக்கு அந்த அனுபவம் இல்லை. ஆனால் மேல்தாடையை முன்னால் இழுக்கும் முகக்கவசக் கருவி 10 வயதுக்குள் போட்டால்தான் நன்றாகப் பிடிக்கும் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வது. அங்கே எங்களைப் போலக் காத்திருக்காதீர்கள். 7 வயதிலேயே ஒருமுறை காட்டிவிடுங்கள்.