சிகரெட்ட விட வைக்கிற கவுன்சிலிங், மட்டக்களப்பு: பொடியன்மாரக் கூட்டிப் போகலாமா?

மட்டக்களப்பு டவுனுக்குள்ள பொடியன்மாருக்கு சிகரெட் விட உதவுற சின்ன கவுன்சிலிங் சென்டர் ஒண்டு இருக்கு, கீழ ஒரு குறையும் சொல்லப் போறதால பேர் போடல்ல. அஞ்சுக்கு நாலு குடுப்பன்.

நான் கூட்டிப் போனது அக்காட மூத்தவனையும் அவன்ட கூட்டாளியையும். ரெண்டு பேரும் ஏ.எல் படிக்கிறவனுகள், ஒரே டியூசன், டியூசனுக்குப் பக்கத்துக் கடையில ஒத்தை ஒத்தையா வாங்கிப் பத்திப் பழகினவனுகள். 21 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்கு விக்கக் கூடாதெண்டு 2006ல வந்த சட்டத்துலயே இருக்கு, அந்தக் கடைக்காரர் காதுக்கு அது இன்னும் எட்டல்ல போல.

நான் நினைச்சன் நுரையீரல் படத்தக் காட்டிப் பயம் காட்டி அனுப்பப் போறாங்க எண்டு. படம் பாக்கெட்லயே 80 வீதத்துக்கு இருக்கு, அதப் பார்த்துக்கொண்டுதானே பத்துறானுகள். இஞ்ச இருக்கிற மிஸ் படத்தத் தொடவே இல்ல, ஆளுட குணத்தத்தான் முதல்ல பார்த்தா. கனடாப் பக்கம் செஞ்ச 23 கேள்விப் பேப்பர் ஒண்டு, த்ரில் தேடுற ஆளா, யோசிக்காமச் செய்யிற ஆளா, பதட்டம் வந்தாலே பயப்படுற ஆளா, வாழ்க்கையில நம்பிக்கை விட்ட ஆளா எண்டு நாலு பக்கத்தையும் அது பார்க்குதாம். மறுகா ஆளுக்கொரு கார்ட், எப்ப பத்தினது, யாரோட, மனசுல அப்ப என்ன ஓடினது எண்டு எழுதச் சொல்லி.

கார்ட் திரும்பி வந்தாப் பிறகுதான் விசயமே. மருமகன்ட கார்ட்ல எல்லாம் பின்னேரம், எல்லாம் கூட்டத்தோட. மத்தவன்ட கார்ட்ல எல்லாம் தனிய, மொட்டை மாடி, சோதனைக்கு முதல் ராவு, வீட்டுல சண்டை நடந்த அண்டைக்கு. ஒரே சிகரெட்தான், காரணம் வேற வேற. அதால மருமகனுக்குப் பின்னேரத்த ஃபுட்போலால நிரப்பச் சொல்லி வெபர் மைதானத்துக்கு அனுப்பியாச்சு, நீட்டுறவனுக்கு "வேணாம் மச்சான், கோச் மணம் பிடிச்சிருவார்" எண்டு சொல்ல மிஸ்ஸுக்கு முன்னாலயே நடிச்சுப் பழகினவன். மத்தவனுக்கு மூச்சுப் பயிற்சி, அதோட ஒரு விளக்கம்: ஆசை வந்தா கொஞ்ச நிமிசத்துல தானா இறங்கும், பத்தினா பதட்டம் குறையுதெண்டு நீ நினைக்கிற, அந்தப் பதட்டத்துல பாதி நிக்கோட்டின் இறங்கினதால வாறது. அந்தப் பொடியன் இத ரெண்டு தரம் திருப்பிக் கேட்டான்.

வீட்டு ஆக்களுக்கும் சொன்னா, விட்டு முதல் ரெண்டு மூண்டு நாள்தான் மோசம், எரிஞ்சு விழுவானுகள், வாய் குடுக்காதீங்க எண்டு. அக்காவால அது ஏலுமா, அது வேற கதை. நிக்கோட்டின் சுவிங்கம் கேட்டுப் பார்த்தன், இந்த வயசுக்கு டாக்டர் பார்க்காமத் தரமாட்டாங்களாம், சரிதான்.

இப்ப குறை. முன்னுக்கு பேர் எழுதுற ஆள், ஹோல் நிறைய சனம் இருக்க "சிகரெட்டுக்கா தம்பி வந்த நீங்க?" எண்டு சத்தம் போட்டுக் கேட்டார். மருமகன் சிரிச்சான், மத்தவன் கதவடிக்குக் கிறுகிட்டான், நான் கையப் பிடிச்சு இருத்தாட்டி அண்டைக்கே கதை முடிஞ்சிருக்கும். வெக்கப்படுற பிள்ளைகள் வாற இடத்துல ஒள்ளுப்பம் மெதுவாக் கதைச்சா என்ன? ஒரு புள்ளி அதுக்குத்தான் குறைச்சன்.

மருமகன் விட்டுட்டான், இடையில மாமாங்கத் தீர்த்தத்துக்குப் போன இடத்துல கூட்டாளிமாரோட ஒண்டு பத்திட்டு அவனே போய் மிஸ்ஸுட்டச் சொல்லியிருக்கான், அவ ஏசல்ல, கார்ட்ல எழுது எண்டு மட்டும் சொன்னாவாம். மத்தவன் குறைச்சிருக்கான், முழுசா விடல்ல, இன்னும் போறான்.

போறதெண்டா காலையில வெள்ளனப் போங்க, பிந்தினா வெளிய வெயிலுக்க நிக்கணும், காசு பெரிசா எடுக்கல்ல. களுவாஞ்சிகுடி, அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து வர ஏலாத ஆக்கள் 1948க்கு அடிச்சுப் பாருங்க, புகையிலை மதுசார அதிகார சபைட லைன், விட நினைக்கிறவங்களுக்கெண்டே இருக்கிறது.