கியூபேசிக்: பழைய கணினியில் ஒரு மான் விளையாட்டு

திருகோணமலையில் பழைய மின்பொருட்கள் விற்கும் கடையொன்றில் வாங்கிய பென்டியம் கணினியில், 1991இல் எம்எஸ்-டாஸ் 5.0 இயங்குதளத்துடன் வெளிவந்த கியூபேசிக் என்ற நிரலாக்கக் கருவியைக் கொண்டு, கோட்டையடி மான் ஒன்று ஓட்டோக்களுக்கு இடையே வீதியைக் கடக்கும் சிறு விளையாட்டை மகளுடன் சேர்ந்து உருவாக்கினேன். வரியை எழுதி முடித்தவுடனேயே தொடரமைப்புப் பிழையைச் சுட்டிக்காட்டுவது இக்கருவியின் பெருஞ்சிறப்பு. ஆனால், 320க்கு 200 புள்ளிகளும் 256 நிறங்களும் தரும் 13ஆம் திரைமுறையில் ஒரே பக்கந்தான் (திரைப்படத்தை வரைந்து வைக்கும் நினைவகப் பகுதி) உண்டு என்பதால், மானை அழித்து அழித்து வரையும்போது திரை மினுங்குகிறது. 16 நிறங்களே போதுமென்று 7ஆம் முறைக்கு மாறி, மறைவான பக்கத்தில் வரைந்து முன்பக்கத்துக்குப் பிரதி செய்த பின்பே மான் ஒழுங்காக நடந்தது. தனித்து இயங்கும் கோப்பாக மாற்றி நண்பர்களுக்குக் கொடுக்க இதில் வழியில்லை என்பது பெருங்குறை. கடைக்காரர் சொல்லாமல் விட்ட செத்த பற்றரியால், கணினியின் திகதி ஒவ்வொரு காலையும் பழைய ஆண்டொன்றுக்குத் திரும்பிவிடுகிறது. மகளுக்கு அதுவும் விளையாட்டுத்தான்.