பழைய காரைப் பட்டறையில் விடும் முன் இதைப் படியுங்கள்: எங்கள் ஹெரால்டு களவு போன கதை

வீட்டில் அப்பா காலத்துக் கார் ஒன்று தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது, யாரோ ஒருவர் வந்து "கழட்டிப் புதுசு மாதிரி பண்ணித் தர்றேன் சார்" என்கிறார் என்றால், சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

எங்கள் வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1965 மாடல், இரண்டு கதவு. நம் வண்டலூரில் செய்த கார். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் இதற்கு மூலம், உருவம் வரைந்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலியர், எஞ்சின் 948 சிசி. அப்பா 1978இல் ஒரு டாக்டரிடமிருந்து இதை வாங்கினார். ஹெரால்டில் பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து முன்பக்கமே மொத்தமாக எழுந்து முன்னால் சாயும், முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அந்த டயர் மேல்தான் உட்கார்ந்திருப்பார், அம்மா காபி டம்ளரை எஞ்சின் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போவார். 1980களின் கடைசியில் கம்பெனியே நின்றுபோன பிறகு பாகங்கள் கிடைக்காமல் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். டிரைவர் பக்கக் கதவின் கைப்பிடி உடைந்தபோது ஹெரால்டு கைப்பிடிக்கு ஆறு மாதம் அலைந்துவிட்டு, சென்னை புதுப்பேட்டையில், பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் கடையில் ஃபியட் கைப்பிடி ஒன்றை வாங்கி ஓட்டையை மாற்றிப் பொருத்தினார். சேஸிஸ் என்ற அடிச்சட்டத்திலிருந்து பக்கவாட்டில் கை மாதிரி நீளும் துண்டுகள் ஹெரால்டில் சீக்கிரம் துருப்பிடிக்கும். 1987இல் இடப்பக்கம் அப்படி ஒன்று போய்விட்டதால் சி-சேனல் இரும்பை வெட்டி வெல்டிங் வைத்தார். இந்த இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பா 2019இல் போய்விட்டார். வண்டியை என் பெயருக்கு மாற்றும் வேலையை ஒரு புரோக்கரிடம் கொடுத்தேன். பழைய ஆர்சி புத்தகம் என்பதால் விவரங்களை வாகன் என்ற அரசின் வண்டிப் பதிவுக் கம்ப்யூட்டரில் புதிதாக ஏற்றவேண்டியிருந்தது, அப்போது அவர் தன் கைபேசி எண்ணைப் போட்டுவிட்டார். எனக்கு அது தெரியாது. என் முதல் தவறு அதுதான். வண்டியை விற்கவோ மாற்றவோ முயன்றால் ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறதோ அது உங்கள் கையில் இருக்கவேண்டும். இன்றே அரசின் பரிவாகன் இணையதளத்தில் பாருங்கள், வேறு எண் இருந்தால் மாற்றுங்கள்.

பட்டறைக்காரரை 2023 கடைசியில் சந்தித்தேன். ஹெரால்டைப் பற்றி அவருக்கு நிஜமாகவே தெரியும், உடம்பு முழுவதும் போல்ட் போட்டுச் சேர்த்த துண்டுகள், முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று தனித்தனியாகக் கழற்றலாம் என்பதையெல்லாம் தொட்டுக் காட்டிச் சொன்னார். அங்கே நின்றிருந்த மற்ற வண்டிகளும் நன்றாக இருந்தன. ஒன்றரை லட்சம் முன்பணம் கொடுத்தேன், ஜனவரியில் வண்டி லாரியில் ஏறியது. ரசீது ஒரு துண்டுச்சீட்டுதான், சேஸிஸ் நம்பர் இல்லை, எஞ்சின் நம்பர் இல்லை, என்னென்ன பாகங்களோடு கொடுத்தேன் என்ற விவரமும் இல்லை.

இரண்டு மாதம் கழித்து வந்ததுதான் முக்கியமான கட்டம். "சார், 50 வருஷம் தாண்டின வண்டிக்கு வின்டேஜ் ரிஜிஸ்ட்ரேஷன் வந்திருக்கு, பத்து வருஷம் கவலையில்லை, 20,000 ரூபாய் கட்டணம், ஒரிஜினல் ஆர்சியும் சில ஃபாரத்துல கையெழுத்தும் வேணும்" என்றார். சட்டம் உண்மையானதுதான். 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதி, புதிதாகப் பதிந்தால் நடுவில் விஏ என்ற எழுத்துகளோடு நம்பர் வரும், கட்டணமும் அவர் சொன்ன அதே 20,000 தான். பாதி உண்மை சொன்னதால் நான் மீதியைக் கேட்கவில்லை. அந்தப் பதிவுக்குப் போடும் விண்ணப்பம் படிவம் 20. நான் கையெழுத்துப் போட்டதில் 29, 30 இருந்தன, எதுவும் நிரப்பாமல் வெறுமையாக. 29, 30 என்றால் வண்டியை இன்னொருவருக்கு விற்றுப் பெயர் மாற்றும் படிவங்கள். வெளி மாநிலத்துக்கோ வேறு ஆர்டிஓ எல்லைக்கோ தடையில்லாச் சான்று கேட்பது 28. இந்த எண்களை எழுதி ஒட்டிவையுங்கள். எந்தப் பட்டறை வேலைக்கும், எஃப்சி என்ற எந்தத் தகுதிச் சான்றுக்கும் வெறுமையான 29, 30 தேவையே இல்லை.

ஜூன் வரைக்கும் போட்டோ வந்தது. அப்புறம் "பெயின்ட் பூத்ல இருக்கு", "எலெக்ட்ரீஷியன்கிட்ட போயிருக்கு". நவம்பரில் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். மூலையில் சாம்பல் நிற பிரைமர் அடித்த ஒரு கூட்டைக் காட்டி, "இதோ உங்க வண்டி சார்" என்றார். கதவில்லை, கண்ணாடியில்லை, எஞ்சின் இல்லை. பார்க்க ஹெரால்டுதான். நான் நம்பிவிட்டேன், கூட ஐம்பதாயிரமும் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று இரவு தூக்கமில்லை. எதற்கென்று தெரியாமல் மனது அடித்துக்கொண்டது. மறுவாரம் திரும்பப் போய், குனிந்து, இடப்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். அப்பாவின் சி-சேனல் வெல்டிங் அங்கே இல்லை. வேறு யாரோ ஒருவருடைய வண்டி அது.

வெளியே வந்து எம்பரிவாகன் செயலியில் எங்கள் நம்பரைப் போட்டேன். உரிமையாளர் பெயர் நட்சத்திரக் குறிகளால் மறைந்திருந்தாலும் முதல் எழுத்து என்னுடையது இல்லை, ஆர்டிஓவும் வேறு மாவட்டம். ஆகஸ்டிலேயே பெயர் மாறியிருந்தது. ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

போலீஸ் ஸ்டேஷனில் "நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க, இது சிவில் மேட்டர்" என்று சொல்லி புகார் வாங்கியதற்கான சிஎஸ்ஆர் ரசீது மட்டும் கொடுத்தார்கள். பட்டறைக்காரர் சொன்னதும் அதுவே: "வண்டியை எனக்கு வித்துட்டார், நான் பணமாக் கையில கொடுத்தேன்." இங்கேதான் என் போன் என்னைக் காப்பாற்றியது. ஆகஸ்டில் பெயர் மாறிவிட்டது, ஆனால் செப்டம்பரிலும் அக்டோபரிலும் அவர் "உங்க வண்டி பெயின்ட் முடியப்போகுது சார்" என்று அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் அழியாமல் இருந்தன, நவம்பரில் நான் ஜிபேயில் போட்ட ஐம்பதாயிரமும் இருந்தது. விற்றுவிட்ட வண்டிக்கு யாராவது பெயின்ட் காசு கொடுப்பார்களா? ஒரு வக்கீல் இதையெல்லாம் தேதி வரிசையில் கோர்த்துக் கொடுத்தார். ஸ்டேஷனில் வழக்குப் பதிய மறுத்தால் புகாரை மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸின் 173(4) பிரிவு சொல்கிறது, அங்கேயும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். நாங்கள் தபாலில் அனுப்பினோம், எஃப்ஐஆர் வந்தது. நம்பிக்கை மோசடிக்குப் புதிய தண்டனைச் சட்டமான பிஎன்எஸ்ஸின் பிரிவு 316, ஏமாற்றுக்கு 318. பணம் எதையும் கையில் கொடுக்காதீர்கள், பேச்சை எல்லாம் மெசேஜில் வையுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது இதனால்தான்.

ஆனால் வண்டி எங்கே? ஆர்டிஓவில் புது உரிமையாளருக்கு இருந்த முகவரி ஒரு வாடகை வீடு, அந்த ஆள் காலி பண்ணிப் போய்விட்டார். மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு நாள் சித்தி மகள் ஒரு கல்யாண போட்டோ ஷூட் படங்களை அனுப்பினாள், காரைக்குடியில் ஒரு செட்டிநாட்டு வீட்டு முன்னால் சிவப்பு ஹெரால்டு, நம்பர் பிளேட்டை மாப்பிள்ளை பெண் பெயர் எழுதிய அட்டை மறைத்திருக்கிறது. எங்கள் வண்டி வெளிர் நீலம். "சும்மா பாரு அண்ணா, அப்பா வண்டி மாதிரி இருக்கு" என்றுதான் எழுதியிருந்தாள். நான் பெரிதாக்கிப் பார்த்தேன். பெண் கை வைத்திருந்த கதவில் ஃபியட் கைப்பிடி.

போட்டோகிராபர் வழியாக எஸ்ஐயோடு போய்ச் சேர்ந்தோம். வாங்கியவர் ஷூட்டுக்கு வண்டி வாடகைக்கு விடுகிறவர், ஆறு லட்சம் கொடுத்திருக்கிறார், ஆர்சி அவர் பெயரில் இருக்கிறது. அவர் அழுதார், எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை, அவரும் என்னைப் போல ஏமாந்தவர்தான். கதவு ரப்பர் பீடிங்கைப் பிரித்தபோது சிவப்புக்கு அடியில் எங்கள் நீலம் தெரிந்தது. கீழே சி-சேனலும் இருந்தது. சேஸிஸ் நம்பர் சரி. எஞ்சின் நம்பர் மட்டும் ஆர்சியோடு ஒத்துப்போகவில்லை, எங்கள் எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறொன்றை ஏற்றியிருக்கிறார்கள்.

வண்டி ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் ஏழு வாரம் நின்றது. இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: பிடிபட்ட வாகனங்களை ஸ்டேஷனில் நீண்ட நாள் போட்டுவைப்பதில் பயனில்லை, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு உடனே உத்தரவு போடவேண்டும் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இல் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி பிஎன்எஸ்எஸ் 497இன் கீழ் மனுப் போட்டோம். வழக்கு முடியும்வரை விற்கக்கூடாது, உருவத்தை மாற்றக்கூடாது, கூப்பிடும்போது கொண்டுவந்து காட்டவேண்டும் என்ற நிபந்தனைகளோடு கொடுத்தார்கள். அதனால் வண்டி இன்னும் சிவப்பாகத்தான் நிற்கிறது. அம்மா ஒரு தடவை வந்து பார்த்துவிட்டு, பானெட்டைத் தூக்கச் சொல்லி, எஞ்சினைப் பார்த்ததும் "இது அவரோடது இல்லையே" என்று உள்ளே போய்விட்டார்.

அவருடைய எஞ்சினைத்தான் இப்போது தேடுகிறேன். வால்வு கவரில் பச்சை எனாமல் பெயின்ட், ஆயில் மூடிக்குப் பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு பள்ளம், அது நான் பத்து வயதில் ஸ்பேனரைக் கீழே விட்டது. புதுப்பேட்டையிலோ வேறெங்கேயோ ஹெரால்டு எஞ்சின் விலைக்கு வந்தால் ஒரு நிமிடம் அந்த இடத்தைப் பாருங்கள், இருந்தால் வாங்காமல் எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள்.