துருஃப்ளேயா, ரட்டரா: எந்த ரெக்வியம் உங்கள் குவயருக்கு?

ஒரு குவயர் (பாடகர் குழு) முதன்முறையாக முழு ரெக்வியம் ஒன்றை, அதாவது இறந்தோருக்கான திருப்பலி இசையை, எடுத்துப் பாடத் துணியும்போது, 20ஆம் நூற்றாண்டுப் படைப்புகளில் பெரும்பாலும் இரண்டுதான் கடைசிச் சுற்றுக்கு வரும். ஒன்று மோரிஸ் துருஃப்ளே 1947இல் முடித்தது, மற்றது ஜான் ரட்டர் 1985இல் முடித்தது. இரண்டும் ஏறத்தாழ 40 நிமிடம். இரண்டுமே இசையமைப்பாளர் தம் தந்தையின் நினைவுக்குக் காணிக்கையாக்கியவை. நியாயத்தீர்ப்பு நாளின் பயங்கரத்தைப் பாடும் 'தியஸ் ஈரே' இரண்டிலும் தனிப் பகுதியாக இல்லை. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரே தம் ரெக்வியத்தில் காட்டிய வழி அது. ரட்டர் ஃபோரேயின் ரெக்வியத்தைக் கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டுப் பதிப்பித்தவர், அதன் சாயல் அவருடைய சொந்தப் படைப்பில் தெளிவாகத் தெரியும்.

ஸ்கோரை (இசைக்குறிப்புப் புத்தகத்தை) புரட்டிவிட்டு 'ரட்டர் சுலபம், துருஃப்ளே கஷ்டம்' என்று முடிவு கட்டுவார்கள். அது பாதிதான் சரி. சோப்ரானோ (உயர்ந்த பெண் குரல்) எவ்வளவு உயரம் போக வேண்டும் என்று பார்ப்பதற்கு முன், யார் வாசிக்கப் போகிறார்கள், எந்தக் கருவியில் வாசிக்கப் போகிறார்கள் என்று பாருங்கள். இந்த இரண்டு படைப்புகளில் குவயர்கள் சறுக்குவது பெரும்பாலும் அங்கேதான்.

துருஃப்ளேக்கு மூன்று வடிவங்கள் உண்டு: முழு ஆர்கெஸ்ட்ரா, 1948இல் வந்த ஆர்கன் மட்டும், 1961இல் வந்த சிறிய ஆர்கெஸ்ட்ரா. செலவு குறைவு என்று ஆர்கன் வடிவத்தைத்தான் எல்லோரும் முதலில் எடுக்கிறார்கள். ஆனால் மூன்றிலும் ஒரே ஆளின் மேல் அதிகச் சுமை ஏற்றுவது அதுதான். துருஃப்ளே பாரிஸில் சேன்ட் எத்தியேன் துய் மோன் ஆலயத்தின் ஆர்கனிஸ்டாக இருந்தவர். தம் கைக்கு எது முடியுமோ அதையே எழுதியிருக்கிறார். முதல் பகுதியான இன்ட்ராய்ட்டில் பதினாறாம் ஸ்வரங்கள் (கால் மாத்திரை நீளமுள்ளவை) இடைவிடாமல், மிக மெல்லிய ஒலியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 'தோமினே யேசு' என்ற பகுதியில் அடங்கிய முணுமுணுப்பிலிருந்து சில பார்களுக்குள் முழு ஆர்கனுக்குப் போக வேண்டும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்வெல் பெட்டி சரியாக வேலை செய்யாத கருவியில் இந்த ஏற்றம் படிப்படியாக வராது, திடீர் திடீரென்று குதிக்கும். ஸ்டாப் (ஒலி வகையைத் தேர்ந்தெடுக்கும் குமிழ்) மாற்றவும் பக்கம் திருப்பவும் பக்கத்தில் ஓர் உதவியாளர் கட்டாயம் வேண்டும். பெடல் இல்லாத கீபோர்டில் இதை முயல வேண்டாம். பியானோவும் ஒத்திகைக்கு மட்டும்தான். நீண்டு நிற்க வேண்டிய ஸ்வரங்கள் பியானோவில் இரண்டு நொடியில் செத்துவிடும், குவயர் அந்தரத்தில் தொங்கும்.

1961 வடிவத்தில் தந்திக் கருவிகளும் ஆர்கனும் அடிப்படை. ட்ரம்பெட், ஹார்ப், டிம்பனி (சுருதி சேர்த்த பெரிய முரசு) வேண்டுமானால் சேர்க்கலாம். இங்கும் ஆர்கனிஸ்ட் தேவை, மறந்துவிட வேண்டாம். ஆனால் பாரம் பகிர்ந்துகொள்ளப்படுகிறது, பாடுபவர்களுக்கு உள்ளே வரும் இடமும் தெளிவாகக் கேட்கிறது. பணம் புரட்ட முடிந்தால் எங்கள் தேர்வு இதுதான்.

ரட்டரின் சிறு குழு வடிவத்தில் ஆர்கனோடு புல்லாங்குழல், ஓபோ, செல்லோ, ஹார்ப், டிம்பனி, குளோக்கன்ஷ்பீல் (மணிபோல் ஒலிக்கும் உலோகத் தகடுகள்) ஆகியவை போதும். ஆர்கன் பகுதியை நடுத்தரத் திறமையுள்ளவர் சமாளித்துவிடலாம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: கருவிகள் குறைவு என்பதால் ஒவ்வொருவரும் தனி வாசிப்பாளர். இரண்டாம் பகுதியான பைபிளின் 130ஆம் சங்கீதத்தில் செல்லோதான் பாதிப் பாட்டு. ஆறாம் பகுதியான 23ஆம் சங்கீதத்தில் ஓபோ அப்படி. சிக்கனம் பார்த்து அந்த வரிகளைக் கீபோர்டுக்குக் கொடுத்தால் அந்தப் பகுதிகளே வெளிறிப்போகும். ஹார்ப்பைக் கீபோர்டில் சமாளிக்கலாம், செல்லோவை முடியாது. டிம்பனிக்கு மென்மையான தலையுள்ள குச்சிகளைக் கேட்டு வாங்குங்கள். முதல் பகுதியே அதன் தாழ்ந்த துடிப்பில்தான் தொடங்குகிறது. எதிரொலி மிகுந்த கல் கோவிலில் கடினமான குச்சி பட்டால் பேஸ் (தாழ்ந்த ஆண்) குரல் மொத்தமும் காணாமல் போகும்.

இனி குரல்களுக்கு வருவோம். துருஃப்ளேயின் அடித்தளம் இறந்தோர் திருப்பலிக்குரிய கிரெகோரியன் பாடல்கள். அவற்றைச் சோலெம் மடத்துத் துறவிகள் பாடிய முறையில், இரண்டும் மூன்றுமான சிறு கூட்டங்களாக நகர்த்துகிறார். தக, தகிட, தக, தக, தகிட என்று மாறி மாறி வரும், ஆனால் எந்தக் கூட்டத்தின் முதல் எழுத்திலும் அடி விழாது. தாளக் குறி அடிக்கடி மாறுவது அதனால்தான். குவயர் பாரின் முதல் மாத்திரையை அழுத்த ஆரம்பித்ததும் பாட்டு துண்டு துண்டாகிறது. பாடுபவர்களுக்கு எண்ணத் தெரியாததால் வரும் கோளாறில்லை இது. அளவுக்கு மீறி எண்ணுவதால் வருவது.

இன்ட்ராய்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் குரல்களான டெனரும் பேஸும் பாடலின் சொற்களைப் பாட, பெண் குரல்களான சோப்ரானோவும் ஆல்ட்டோவும் சொல்லில்லாமல் 'ஆ' என்று மேலே மிதக்கிறார்கள். முதல் ஒத்திகையில் ஸ்கோரை மூடிவையுங்கள். பெண்கள் உட்பட எல்லோரும் மூலப் பாடலை ஒரே குரலில், கருவி இல்லாமல், லத்தீனின் இயல்பான அழுத்தத்தோடு பேசிவிட்டுப் பிறகு பாடட்டும். இரண்டாவதாக, எட்டாம் ஸ்வரம் (அரை மாத்திரை) ஒன்றையே மாறாத அலகாக வைத்து, மேசையில் விரலால் சீராகத் தட்டியபடி பாடட்டும். மூன்றாவதாக ஸ்கோர், நான்காவதாக ஆர்கன். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், ஓடும் பதினாறாம் ஸ்வரங்களைத் துரத்துகிற பழக்கம் ஒட்டிக்கொள்ளும், பிறகு அதை விடுவிப்பது பெரும்பாடு. 'ஆ' பாடுகிறவர்களின் சுருதி இறங்கினால் உயிரெழுத்து பின்தொண்டைக்குப் போய்விட்டதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் அதுதான் காரணம்.

ரட்டரில் மெட்டுகள் இரண்டாவது முறையிலேயே மனதில் ஏறும், அபாயமும் அதுவே. தெரிந்துவிட்டது என்ற எண்ணத்தில் குவயர் ஒவ்வொரு சொற்றொடரின் முடிவையும் இழுக்க ஆரம்பிக்கும். 23ஆம் சங்கீதத்தில் அந்த இழுவை சேர்ந்து சேர்ந்து, கடைசிப் பக்கம் வரும்போது ஓபோக்காரருக்கு மூச்சு போதாது. முதல் பகுதியின் தொடக்கத்தையும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மெட்டு வருவதற்கு முன்னுள்ள அந்தப் பக்கங்கள் சுருதி பிடிபடாத, நெருக்கமான ஒலிகளால் ஆனவை. ஒவ்வொரு குரலும் தன் ஸ்வரத்தை எங்கிருந்து எடுக்கிறது என்று பென்சிலால் குறித்துவைத்தே ஆக வேண்டும். 130ஆம் சங்கீதத்தின் தொடக்கம் தாழ்வானது, அங்கே ஆல்ட்டோக்களைக் கத்தவிடாமல், எழுத்துகளைத் தெளிவாக உச்சரிக்கச் சொன்னால் போதும். ஐந்தாம் பகுதியான 'ஆக்னுஸ் தேய்' (இறைவனின் செம்மறி)தான் இந்தப் படைப்பின் இருண்ட மையம். லத்தீன் மன்றாட்டோடு ஆங்கிலிக்கன் அடக்க ஆராதனையின் சொற்கள் இங்கே பின்னிவருகின்றன. இதை அழகாகப் பாட முயலக் கூடாது, அழகு அடுத்த பகுதியில் தானே வருகிறது.

இரண்டிலும் 'பியே யேசு' என்ற பகுதி தனிக்குரலுக்கு. ரட்டருக்கு லேசான, அதிர்வு குறைந்த சோப்ரானோ போதும், குவயரிலிருந்தே எடுக்கலாம். துருஃப்ளேக்கு மெஸ்ஸோ சோப்ரானோ (சோப்ரானோவைவிடச் சற்றுத் தாழ்ந்த பெண் குரல்) வேண்டும், கூடவே தனிச் செல்லோ. தாழ்விலிருந்து உச்சம்வரை ஒரே மூச்சாக எழும் வரிக்குப் பயிற்சி பெற்ற குரல் இல்லாவிட்டால் வேறு வழி தேட வேண்டும். துருஃப்ளேயின் பாரிட்டோன் (நடுத்தர ஆண் குரல்) தனிப்பகுதிகளுக்கு ஆள் தேடி அலைய வேண்டாம்: அவை மொத்தப் பிரிவும் சேர்ந்து பாடுவதையே துருஃப்ளே பிற்காலத்தில் விரும்பினார். எங்கள் காதுக்கும் அதுதான் பொருத்தம்.

இந்த இருவரின் மற்றத் திருச்சபை இசையைக் கொண்டு குவயரைச் சோதித்துப் பார்க்கலாம். துருஃப்ளே மிகக் குறைவாக வெளியிட்டவர், அவருடைய ஓபஸ் (படைப்பு வரிசை) எண்கள் 14ஓடு முடிகின்றன. 1960இல் வந்த நான்கு மோட்டெட்டுகளில் (சிறு லத்தீன் திருப்பாடல்களில்) 'ஊபி காரிடாஸ்' மூன்று நிமிடத்துக்குள் முடியும், கருவியே வேண்டாம். ரெக்வியம் கேட்கும் தாள நெகிழ்வு முழுவதும் அதில் இருக்கிறது. ஒரு மாதத்தில் அது சரளமாக வந்தால் ரெக்வியத்துக்குத் துணியலாம். வராவிட்டால் ஓராண்டு தள்ளிப்போடுவது நல்லது. ரட்டருக்கு 1981இல் அமைத்த ஆரோனின் ஆசீர்வாதம் ஏற்ற சோதனை. அந்த நீண்ட வரிகளை நடுவில் மூச்சு வாங்காமல், சுருதி இறங்காமல் பாட முடிகிறதா என்று பாருங்கள். 23ஆம் சங்கீதம் 1976இல் தனிப்பாட்டாகவே எழுதப்பட்டது. அதை முதலில் ஒரு ஞாயிறு ஆராதனையில் பாடிவிட்டு மற்ற ஆறு பகுதிகளைச் சேர்த்துக்கொள்ளலாம். துருஃப்ளேயின் பகுதிகளை அப்படிப் பிரித்தெடுத்தால் அவ்வளவாக நிற்பதில்லை.

ஆர்கனும் இல்லை, வாத்தியக்காரர்களும் இல்லை என்றால் இரண்டையும் விட்டுவிட்டு, ஹெர்பர்ட் ஹவல்ஸ் 1932இல் எழுதிய ரெக்வியத்தைப் பாருங்கள். முழுக்கக் கருவியில்லாப் பாட்டு, பாதி நீளம். ஆனால் சில இடங்களில் குவயர் இரண்டாகப் பிரியும், ஒவ்வொரு குரலுக்கும் உறுதியான நால்வராவது வேண்டும்.

வாரம் ஒருமுறை இரண்டு மணி நேர ஒத்திகை என்றால், 40 பேர் கொண்ட குவயருக்கு ரட்டர் 8 முதல் 10 வாரம், துருஃப்ளே 14 வாரத்துக்குக் குறையாது. துருஃப்ளே 1986இல் மறைந்ததால் ஐரோப்பாவில் 2056 முடியும்வரை காப்புரிமை இருக்கிறது. ரட்டரின் படைப்பும் காப்புரிமைக்கு உட்பட்டதே. நகலெடுப்பது தீர்வாகாது: குரல் ஸ்கோரை ஆளுக்கொன்று விலைக்கு வாங்குங்கள். வாத்தியப் பிரதிகளை வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தால், முதல் ஒத்திகைக்கு இரண்டு மாதம் முன்பே கேட்டு, எந்த வடிவம் என்பதையும் எழுத்தில் குறிப்பிடுங்கள். துருஃப்ளேயின் மூன்று வடிவங்களில் தவறானது வந்து சேர்ந்தால், மாற்றி வாங்குவதற்குள் நிகழ்ச்சி நாள் வந்துவிடும்.