முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் பிசியோ: வீடியோ காலா, நேர்லயா?

2020ல அம்மாவுக்கு முட்டி மாத்துற ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவது வாரம் லாக்டவுன் போட்டுட்டாங்க, வீட்டுக்கு வந்துட்டிருந்த பிசியோ மேடமும் வர முடியல. ரிஸ்க் எடுத்து கிளினிக் போகலாம், யூடியூப் பாத்து நாமளே செய்யலாம், இல்லன்னா அதே மேடம்கிட்ட வீடியோ கால். யூடியூப் நாம தப்பா செஞ்சா திருத்தாது, அத அன்னிக்கே விட்டுட்டோம். கிளினிக்னா தொற்று பயம். வீடியோ கால்தான் எடுத்தோம், இன்னிக்கும் அந்தப் பக்கம்தான் பேசுவேன், அதுக்குக் காரணம் ஒரு தலகாணி.

வலி கொறையுதேன்னு அம்மா முட்டிக்கு அடியில தலகாணி வச்சே தூங்கிட்டிருந்தாங்க, எங்களுக்கும் அது தப்பா தெரியல. முதல் வீடியோ கால்ல கட்டில்ல படுத்து குதிகால இழுத்து மடக்கிக் காட்டச் சொன்னப்பவே மேடம் அதப் பாத்துட்டு, "அம்மா, அத எடுத்துடுங்க, குதிகாலுக்கு அடியில துண்டச் சுருட்டி வைங்க"ன்னாங்க. ராத்திரி பூரா முட்டி மடங்கியே கெடந்தா பின்பக்கம் இறுகிப்போயி கால் முழுசா நீளாது, நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் தொடை தசை கூடுதலா ஒழைக்கணும், நொண்டலும் தங்கிடுமாம். நாங்க 90 டிகிரி மடங்குதான்னே பாத்துட்டிருந்தோம், நீட்டுறப்ப 0க்கு வரணும்னு நெனச்சே பாக்கல. கிளினிக் மேசையில படுத்திருந்தா அந்தத் தலகாணி யாரு கண்ணுல பட்டிருக்கும்? அடுத்த வீடியோ கால்ல நாற்காலி தாழ்வா இருக்குன்னு மாத்தச் சொன்னாங்க.

ஃபோனக் கையில பிடிச்சிட்டு நின்னா ஒண்ணும் தெரியாது, கட்டில் உயரத்துக்கு ஸ்டூல்ல வச்சு பக்கவாட்டுல இடுப்புலேந்து பாதம் வரைக்கும் தெரியணும், துணி முட்டிக்கு மேல இருக்கணும்.

கனடாவுல முட்டி மாத்துன 205 பேர வச்சு செஞ்சு 2015ல வந்த ஆய்வுலயும், வீடியோவுல செஞ்சவங்க வீட்டுக்கே ஆள் வந்து செஞ்சவங்களவிட பின்தங்கிடல.

ஆனா கை வச்சு செய்யறது வீடியோவுல வராது. முட்டிச்சில்ல லேசா நகத்திவிட அம்மாவுக்கே சொல்லிக் குடுத்தாங்க, அவங்களுக்குப் பிடி கிடைக்கல, கெடுபிடி தளர்ந்ததும் அதுக்குன்னே ரெண்டு தடவ நேர்ல போனோம். பக்கவாதம் வந்து பேலன்ஸ் இல்லாதவங்களுக்கும் வீடியோ போதும்னு எங்க அனுபவத்த வச்சு சொல்ல மாட்டேன், பக்கத்துல பிடிக்க ஒரு ஆள் வேணும். கெண்டைக்கால் வீங்கி வலிச்சாலோ திடீர்னு மூச்சு வாங்குனாலோ ரத்தக்குழாய்ல ரத்தம் உறைஞ்சிருக்கலாம், அப்ப வீடியோ காலுக்கெல்லாம் காத்திருக்காம நேரா எமர்ஜென்சிக்குப் போயிடுங்க.