பிரிக்பீல்ட்ஸ் மாடி டியூஷன்: ‘ஹாட்’ என்ற சொல்லை என் மகளுக்குப் புரியவைத்த வகுப்பு

என் மகள் ஆறாம் படிவம், முதல் தவணை. எஸ்.டி.பி.எம். (மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) கணிதம் டி எடுத்திருக்கிறாள். தொடர்வரிசைப் பாடத்தில் எல்லை (மலாயில் ‘ஹாட்’) காணும் கணக்கு வந்ததும் தடுமாறிப்போனாள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவரிசையின் இரண்டாம் மாடியில் நடக்கும் இந்த டியூஷனை நண்பர் ஒருவர் சொன்னார். நான்கு மாதமாக அனுப்புகிறேன். பெயர் போட வேண்டாம் என்று சார் கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை.

நான் விரைவுப் பேருந்து ஓட்டுகிறேன். ஒரு சனிக்கிழமை ஓய்வு கிடைத்தது. சாரிடம் கேட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவர் எடுத்த எடுப்பிலேயே, “ஹாட் என்றால் என்ன?” என்று கேட்டார். என் மகள்தான் எழுந்தாள். “தாண்டக் கூடாத எண், சார். கிட்டே போகலாம், தொடக் கூடாது.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் சொன்னது என் பேருந்தின் பின்னால் ஒட்டியிருக்கும் ஹாட் லாஜு! நெடுஞ்சாலையில் எனக்கு 90, அதைத் தாண்டினால் சம்மன். மலாயில் வேக வரம்புக்கும் கணிதத்தில் வரும் எல்லைக்கும் ஒரே சொல்தான். பிள்ளை அந்த ஸ்டிக்கரைப் பார்த்து வளர்ந்தவள், வேறு எப்படி நினைப்பாள்?

சார் திட்டவில்லை. பலகையில் நான்கு எண்களை எழுதினார்: 0.5, 1.25, 0.875, 1.0625. முதலாவது 1-ஐவிட அரை குறைவு, அடுத்தது கால் அதிகம், அப்புறம் அரைக்கால் குறைவு, அப்புறம் மாகாணி அதிகம். (மாகாணி என்ற சொல்லை என் பாட்டிக்குப் பிறகு அன்றுதான் கேட்டேன். பதினாறில் ஒரு பங்கு.) இப்படியே இடைவெளி பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும். “இது 1-ஐத் தாண்டுகிறதா?” ஆமாம், ஒன்றுவிட்டு ஒன்று தாண்டுகிறது. “அப்படியும் இதன் எல்லை 1தான். ஏன்?”

வகுப்பே அமைதி. பிறகு ஒரு கேள்வி கேட்டார். எத்தனையாவது உறுப்பிலிருந்து எல்லா எண்களும் 1-க்கு 0.01 தூரத்துக்குள்ளேயே இருக்கும்? பிள்ளைகள் கால்குலேட்டரைத் தட்டினார்கள். ஏழாவதிலிருந்து, அங்கே இடைவெளி 128-இல் ஒரு பங்கு. 0.001 என்றால்? பத்தாவதிலிருந்து, 1024-இல் ஒரு பங்கு. “எவ்வளவு சிறிய தூரத்தை நீ கேட்டாலும், இந்த இடத்துக்குப் பிறகு ஒன்றுகூட வெளியே போகாது என்று நான் காட்ட முடிந்தால், அதுதான் எல்லை” என்றார். உடனே −1, 1, −1, 1 என்று எழுதினார். இது 1-ஐத் தாண்டுவதே இல்லை, −1-க்குக் கீழே இறங்குவதும் இல்லை. ஆனாலும் எந்த ஓர் எண்ணிடமும் போய் நிலைப்பதில்லை, எல்லையே கிடையாது. என் மகள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்த முகத்துக்காகவே மாதம் 130 வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கலாம்.

பின்னத்தின் மேலும் கீழும் மிகப் பெரிய அடுக்கால் வகுப்பது போன்ற வழிமுறைகள் இதற்குப் பிறகுதான் வருகின்றன. அவை எந்த டியூஷனிலும் கிடைக்கும்.

குறைகளும் உண்டு. நோட்டுகள் கையால் எழுதி நகலெடுத்தவை, சில பக்கங்களில் எழுத்து மங்கியிருக்கிறது. பழைய தேர்வுத் தாள்களை அவர் அதிகம் தொடுவதில்லை. தேர்வு நெருங்கும்போது அதற்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். கார் நிறுத்த இடம் தேடுவது பெரும்பாடு. என் மகள் செந்தூலிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து நடந்து போகிறாள், அதுதான் சுலபம். விளக்கமெல்லாம் தமிழில், பலகையில் எழுதும் கலைச்சொற்கள் மலாயில். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இது மிகவும் வசதி. தமிழ் தெரியாத நண்பரைக் கூட்டிவந்தால் அவருக்குக் கஷ்டம்.

போன வாரம் சாப்பிடும்போது மகள் எனக்கே ஒரு கணக்குப் போட்டாள். ஓர் எண்ணை எடுத்துக்கொள். அதன் வர்க்கத்தோடு அந்த எண்ணின் 6 மடங்கைக் கூட்டு, வர்க்கமூலம் எடு, அதிலிருந்து எடுத்த எண்ணைக் கழி. எண் பெரிதாகிக்கொண்டே போனால் விடை எங்கே போகும்? இரண்டுமே முடிவில்லாமல் பெருகுகின்றன, கழித்தால் 0 என்றேன். “போட்டுப் பாருங்கப்பா” என்று கால்குலேட்டரை நீட்டினாள். 100 போட்டேன், 2.956 வந்தது. 1000 போட்டேன், 2.9955. சோறு ஆறிப்போனது தெரியாமல் 10,000 போட்டுக்கொண்டிருந்தேன். விடை போய்ச் சேரும் இடம் 3. ஏன் என்று தாளில் எழுதிக் காட்டினாள், இணைக்கோவையால் (கழித்தல் குறியைக் கூட்டலாக மாற்றிய அதே கோவை) மேலும் கீழும் பெருக்கி, நான்கே வரியில்.

சனிக்கிழமை மதியம் 2 முதல் 4 வரை வகுப்பு. 15 நாற்காலிகள்தான், முன்கூட்டியே போய்ச் சொல்லிவையுங்கள்.