டம்ளருக்குக் கீழே எந்த நூல், எந்தப் பின்னல்?

குரோஷாவில், அதாவது கொக்கி ஊசிப் பின்னலில், டம்ளருக்கு அடியில் வைக்கிற கோஸ்டர் பின்னலாம் என்று கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது உல்லன் நூல்தான். ஃபேன்ஸி ஸ்டோரில் கலர் கலராக அடுக்கியிருப்பார்கள், விலையும் கையைக் கடிக்காது, தொட்டால் மெத்தென்று இருக்கும். காட்டன் நூல் கேட்டால் உள்ளே போய்த் தேடி வெள்ளையிலும் சந்தனத்திலும் ரெண்டு உருண்டை எடுத்து வருவார்கள். அதனால் பாதிப் பேர் உல்லனோடு வீடு திரும்பி விடுகிறார்கள். ஸ்வெட்டருக்கும் பொம்மைக்கும் அது சரி. சூடான டம்ளருக்கும் வியர்க்கிற கண்ணாடி கிளாஸுக்கும் அடியில் கிடக்கப் போகிற பொருளுக்குச் சரியா என்பதுதான் கேள்வி. அழகுப் பொருளாக இருந்தாலும் கோஸ்டர் முதலில் ஒரு வேலைக்காரப் பொருள், அதை வைத்தே ஒவ்வொன்றையும் எடை போடுகிறேன்.

கடையில் உல்லன் என்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக், அதில் ஆட்டு ரோமம் தேடாதீர்கள். அக்ரிலிக் தண்ணீரைக் குடிக்காது. ஜில்லென்ற மோர் கிளாஸை அதன் மேல் வைத்தால் வெளிப்பக்கம் வழிகிற நீர் இழைக்குள் போகாமல் இழைகளுக்கு நடுவே தேங்கி, அப்படியே மேஜைக்கு இறங்கிவிடும். பருத்தி அப்படியல்ல. சாதாரணக் காற்றில் சும்மா கிடக்கும்போதே தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தை வைத்திருக்கும் இழை அது. அக்ரிலிக்குக்கு அந்தக் கணக்கு 1, 2 சதவீதம்தான். இன்னொன்று, பருத்தி இழை நனைந்தால் பலம் கூடும், அதனால் அடிக்கடி அலசினாலும் தாங்கும்.

சூட்டிலும் இதே கதைதான். காபி டம்ளரின் சூட்டில் அக்ரிலிக் உருகிவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் ஈரமும் சூடும் சேர்ந்து அழுத்தினால் அது தன் துள்ளலை இழந்து தொளதொளவென்று படுத்துவிடும், திரும்ப எழுந்திருக்காது. அதன் மேல் இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்துப் பாருங்கள், புரிந்துவிடும். அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரையோ வாணலியையோ யாராவது மறந்துபோய் அதன் மேல் வைத்தால் இளகி ஒட்டிக்கொள்ளவும் செய்யும். நம் வீடுகளில் ‘இது டம்ளருக்கு மட்டும்’ என்று எழுதி ஒட்டியா வைக்க முடியும்? பருத்தியானால் கவலை இல்லை, வெந்நீரில் போட்டுத் துவைக்கலாம், சூடாகத் தேய்க்கலாம்.

உல்லனுக்கும் ஒரு நியாயம் பேசிவிடுகிறேன். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர் கைக்கு அது ரொம்ப இணக்கம். இழுத்தால் கொஞ்சம் நீளும், விட்டால் சுருங்கும், அதனால் கண்ணி (ஊசியில் போடுகிற ஒவ்வொரு பின்னல் வளையம்) சின்னதும் பெரிதுமாக விழுந்தாலும் வெளியே அவ்வளவாகத் தெரியாது. பருத்தி இதை மன்னிக்காது. ஒரு கண்ணி தளர்ந்திருந்தால் அது ஓட்டையாகவே நிற்கும், கொஞ்ச நேரத்தில் விரலும் வலிக்கும். கை பழகுகிற வரை உல்லனில் பின்னுங்கள், பின்னியதைப் பூச்சாடிக்கு அடியில் வையுங்கள், சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டு வராதீர்கள்.

காட்டன் என்று முடிவு செய்த பிறகும் அதில் ரெண்டு உண்டு. ஒன்று மெர்சரைஸ்டு, அதாவது காஸ்டிக் சோடாவில் இழுத்துப் பிடித்துப் பதப்படுத்திய பளபளப்பு நூல். இன்னொன்று அந்தப் பளபளப்பில்லாத சாதாரண நூல். பார்க்க முதலாவது அழகு, சாயமும் அதில் ஆழமாக ஏறும். அதற்குப் பதிலாக நீங்கள் கொடுக்கும் விலை, கடையில் கிடைக்கிற பளபளப்பு நூல்கள் பெரும்பாலும் இறுக்கமாக முறுக்கப்பட்டவை, ஆகவே மேலே சொட்டிய தண்ணீர் கொஞ்ச நேரம் முத்து முத்தாக நின்றுவிட்டுத்தான் உள்ளே போகும். மந்தமான சாதாரண நூல் அதைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். தினமும் புழங்க எனக்குச் சாதாரணம்தான், பரிசாகக் கொடுக்கப் பளபளப்பு. 50 கிராம் உருண்டை ஒன்றில், 10 சென்டிமீட்டர் அளவில் நெருக்கமாகப் பின்னிய கோஸ்டர் மூன்று, நான்கு தேறும், நூலின் தடிமனைப் பொறுத்து ஒன்று கூடலாம் குறையலாம்.

சணல் நூலைப் படத்தில் பார்த்து மயங்குகிறவர்கள் நிறைய. மண் நிறமும் சொரசொரப்பும் மர மேஜையில் எடுப்பாகத்தான் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சணல் நனைந்தால் பலம் குறையும், காய நேரமாகும், மழைக்காலத்தில் ஒரு வாடை வேறு. அதன் தும்பு உதிர்ந்து டம்ளரின் அடியில் ஒட்டிக்கொண்டு வரும். பின்னுகிற கையும் சிவந்துவிடும். குத்துவிளக்குக்கு அடியிலோ மண் தொட்டிக்கு அடியிலோ போட நல்ல பொருள். குடிக்கிற பாத்திரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம்.

திருப்பூர் பக்கம் இருப்பவர்களுக்கு நாலாவதாக ஒன்று இருக்கிறது, பனியன் துணியைப் பட்டை பட்டையாக வெட்டிய நூல். பனியன் துணிப் பட்டையை ரெண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் ஓரங்கள் தானாகச் சுருண்டு உருண்டையான கயிறாகிவிடும், அதுதான் அதன் சூட்சுமம். வீட்டில் பழைய டி-ஷர்ட் இருந்தால் நீங்களே வெட்டிக்கொள்ளலாம். 8 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் ஊசியில் நாலு சுற்று ஓட்டினால் கோஸ்டர் தயார், அரை மணி நேர வேலை. தண்ணீரையும் நன்றாகக் குடிக்கும். குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை: மேல்பக்கம் மேடு பள்ளமாக இருக்கும். நம் எவர்சில்வர் டம்ளருக்கு வாய் அகலம், அடி குறுகல். அதை இந்த மேட்டில் வைத்து ஒரு குழந்தை மேஜையை இடித்தால் காபி யார் மடியில் என்று சொல்ல முடியாது. அடி அகலமான டவராவுக்கும் தண்ணீர்ச் சொம்புக்கும் பரவாயில்லை. வாங்கும்போது எலாஸ்டேன் கலந்த துணியா என்று இழுத்துப் பார்த்து, ரப்பர் போல நீண்டால் விட்டுவிடுங்கள்.

நூலை விட்டுப் பின்னலுக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் மனத்தில் இருக்கும் குரோஷா என்பது சல்லடை மாதிரி இழைத்த வட்ட விரிப்பு. ஆந்திராவின் நரசாபூர் லேஸ் அந்த வகைதான், மெல்லிய பருத்தி நூலில் செய்கிற வேலை, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. அந்த வேலைப்பாட்டைப் பார்த்துவிட்டு நாமும் கோஸ்டரை அப்படிப் பின்னினால் என்ன என்று தோன்றும். பின்னலாம், மேல் காட்சிக்கு அதை அடிக்க ஆளில்லை. ஆனால் செயினும் (சங்கிலி மாதிரி கோத்த கண்ணிகள்) ஓட்டையுமாக இருக்கிற இடத்தில் டம்ளருக்கும் மேஜைக்கும் நடுவே ஒன்றுமே இல்லை, பாருங்கள். தண்ணீர் நேரே இறங்கும், சூடும் இறங்கும். அரக்குப் பாலிஷ் போட்ட பழைய தேக்கு மேஜையில் வெள்ளை வெள்ளையாக வளையம் விழுவது சூடும் ஈரமும் பாலிஷுக்குள் புகுவதால்தான். அதைத் தடுக்கத்தானே கோஸ்டர். லேஸ் வேண்டுமென்றால் பூச்சாடிக்கடியில், கண்ணாடி டீப்பாய் மேல், எங்கே வேண்டுமானாலும் போடுங்கள். டம்ளருக்கு நெருக்கமான பின்னல்.

நெருக்கமான பின்னலிலேயே குட்டையான கண்ணியான சிங்கிளா, உயரமான கண்ணியான டபுளா என்று ஒரு போட்டி. (இங்கே நான் சொல்வது அமெரிக்கக் கணக்கு. பழைய பிரிட்டிஷ் முறைப் புத்தகத்தைப் பார்த்துப் பின்னுகிறவர்களுக்கு இந்த சிங்கிள்தான் அங்கே டபுள், கவனம்.) சிங்கிளில் 6 கண்ணியில் தொடங்கி ஒவ்வொரு சுற்றுக்கும் 6 கூட்டிக்கொண்டே போக வேண்டும். நடுத்தரத் தடிமன் நூலில் 10 சுற்று ஓட்டினால் கடைசிச் சுற்றில் 60 கண்ணி, குறுக்களவு கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர் வந்துவிடும். டபுளில் 12ல் தொடங்கி 12 12 ஆகக் கூட்ட வேண்டும். ஐந்து சுற்றிலேயே அதே அளவு, நேரம் பாதி மிச்சம். ஆனால் டபுளின் உயரமான கால்களுக்கு நடுவே சந்து விழும், தடிமனும் குறையும். நான் சிங்கிள் பக்கம்தான். அவசரத்துக்கு நூலை இரட்டையாகச் சேர்த்து டபுள் போட்டால் ஓரளவு ஈடுகட்டலாம்.

எதைப் போட்டாலும் தட்டையாக வருகிறதா என்று மூணாவது சுற்றிலேயே மேஜையில் வைத்துப் பார்த்துவிடுங்கள். கண்ணி கூட்டியது குறைந்தால் கிண்ணமாகக் குழியும், கூடினால் எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி ஓரம் அலையலையாக எழும்பும். இன்னொரு விஷயம், ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்துக்கு மேலேயே கூட்டிக்கொண்டு போனால் வட்டம் மெல்ல அறுகோணமாகிவிடும். சிலருக்கு அது பிடிக்கும். வட்டம்தான் வேண்டும் என்றால் கூட்டுகிற இடத்தைச் சுற்றுக்குச் சுற்று தள்ளிப் போடுங்கள்.

தொடக்கத்துக்கு எல்லா வீடியோவிலும் மேஜிக் ரிங்தான் காட்டுகிறார்கள், அதாவது நூலையே வளையமாகச் சுற்றி அதற்குள் முதல் கண்ணிகளைப் போட்டு வாலை இழுக்கிற முறை. நடுவில் ஓட்டையே இல்லாமல் இழுத்து மூடலாம் என்பது உண்மை. ஆனால் அந்த மூடல் ஒரே ஒரு நூல் வாலை நம்பி நிற்கிறது. வழுக்குகிற பளபளப்பு நூலில், வாரம் ஒருமுறை துவைக்கிற பொருளில், வாலை ரெண்டு திசையில் திருப்பித் திருப்பிச் செருகாவிட்டால் ஒருநாள் நடுவில் கண் திறந்துவிடும். ரெண்டு செயின் போட்டு, ஊசியிலிருந்து ரெண்டாவது செயினுக்குள்ளேயே ஆறு சிங்கிளையும் போட்டுவிடுகிற பழைய முறை எனக்கு நிம்மதி. ஊசி முனை நுழைகிற அளவு துளி ஓட்டை இருக்கும், அதில் எதுவும் கெட்டுப்போகாது.

சுற்றை முடித்து இணைப்பதா, முடிக்காமல் சுருளாக ஓட்டிக்கொண்டே போவதா? ஒரே கலரானால் சுருள்தான், தையல் கோடே தெரியாது, சுற்றின் தொடக்கத்தில் ஒரு கலர் நூல் துண்டை மட்டும் மாட்டி வைத்துக்கொண்டால் எண்ணிக்கை தப்பாது. ரெண்டு மூணு கலர் வளையங்கள் வேண்டுமென்றால் ஒவ்வொரு சுற்றையும் ஸ்லிப் ஸ்டிட்ச்சில் (உயரமே இல்லாத இணைப்புக் கண்ணி) இணையுங்கள். சுருளில் கலர் மாற்றினால் அந்த இடத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு தட்டு நிற்கும்.

அலங்காரம் முழுவதையும் ஓரத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது, டம்ளர் உட்காரும் இடம் சமமாக இருக்கட்டும். ஓரத்துக்கு விசிறி மாதிரி விரிகிற சிப்பி, குட்டி முனை வைக்கிற பிக்கோ இரண்டில் நான் சிப்பிக்கு ஓட்டுப் போடுவேன். ஒரு சிங்கிள், ரெண்டு கண்ணி தாண்டி ஒரே இடத்தில் ஐந்து டபுள், மறுபடி ரெண்டு தாண்டி சிங்கிள். இதற்கு ஆறு ஆறாகக் கண்ணி வேண்டும், நம் 60 கண்ணிக்கு அச்சாக 10 சிப்பி வரும், கணக்கு இடிக்காது. பிக்கோ குட்டி முனைகளாக அழகாகத்தான் இருக்கும், ஆனால் துவைத்தபின் ஒவ்வொன்றும் அடிப்பக்கம் மடங்கிக்கொள்ளும், ஒவ்வொரு முறையும் நீவிக்கொண்டிருக்க வேண்டும்.

விறைப்புக்குக் கஞ்சி போடலாமா என்று கேட்பவர்களுக்கு: லேஸ் விரிப்புக்குப் போடுங்கள், அது இல்லாமல் நிற்காது. கோஸ்டருக்குத் தேவையில்லை. ஈரம் பட்டால் கஞ்சி இளகிப் பிசுபிசுக்கும், அலமாரியில் வைத்தால் ராமபாணப் பூச்சிக்கு விருந்து. பின்னி முடித்ததும் நனைத்துப் பிழிந்து, துண்டின் மேல் வட்டமாக இழுத்துக் குண்டூசி குத்திக் காயவிட்டாலே போதும். அக்ரிலிக்கில் ஈரத்தோடு குத்திக் காயவைத்தால் மட்டும் வடிவம் அவ்வளவாக நிற்காது, ஆவி காட்ட வேண்டும், கொஞ்சம் அதிகமாகிவிட்டால் முன்னே சொன்ன மாதிரி தொளதொளத்துவிடும்.

கலர் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளையில் பின்னினால் காபிக் கறையோடு வாழப் பழகிக்கொள்ளுங்கள். அடர் சிவப்பும் கருநீலமும் எடுத்தால் முதலில் ஒரு துண்டு நூலை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள், சாயம் ஒட்டினால் அந்த உருண்டையைக் கடையிலேயே மாற்றிவிடுவது உத்தமம். டிகாக்‌ஷன் நிறமோ கடுகு மஞ்சளோ எடுத்தால் சமையலறையில் விழுகிற எந்தக் கறையும் சுலபத்தில் கண்ணுக்குத் தெரியாது.

யாருக்காவது கொடுப்பதற்கென்றால் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான், அவர்கள் வீட்டில் டவராவோடு வைப்பார்களா, வெறும் டம்ளரா. டவரா என்றால் 10 சென்டிமீட்டர் பத்தாது, இன்னும் ரெண்டு சுற்று ஓட்டி 72 கண்ணிக்குக் கொண்டு போங்கள், 12 சிப்பி வரும்.